சுவரில் எழுதிய பெயர்



மொஸ்கோ நகரின் நடுப்பகுதியில் அர்பாத் என்றொரு பழைய வீதி உண்டு. அதன் அருகே செல்லும் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில், 10 ஆம் இலக்க வளவுக்குள் ஒரு வெள்ளை வீடு நிற்கின்றது. இரண்டு பெரிய நெற்குதிர்களை ஒன்றுக்குள் ஒன்று சற்றே புகுத்தி வைத்தாற்போன்ற வடிவம். பின்பக்கச் சுவர் முழுவதும் தேனடையின் கண்கள் போல அறுகோணச் சாளரங்கள். முன்பக்கம் மட்டும் நேராக வெட்டப்பட்டு, நிலத்திலிருந்து உச்சிவரை பெருங்கண்ணாடியால் மூடப்பட்டிருக்கின்றது. அந்தக் கண்ணாடிக்கு மேலே, முகப்பிலே, ஒரு பெயர் பொறிக்கப்பட்டுள்ளது: கொன்ஸ்தந்தீன் மெல்னிக்கோவ், கட்டடக் கலைஞர்.

வீட்டு முகப்பிலே பெயர் பொறிப்பது நமக்கொன்றும் புதுமையன்று. ஆனால் இந்த வீடு கட்டப்பட்டது 1927 இற்கும் 1929 இற்கும் இடையில். நிலமெல்லாம் அரசுக்கே உரியது என்று சட்டம் செய்யப்பட்ட நாட்டில், 'நான்' என்ற சொல் பின்னொதுங்கி 'நாம்' என்ற சொல் முன்வந்த காலத்தில், தலைநகரின் மத்தியில் ஒருவர் தமக்கென ஒரு வீட்டைக் கட்டி அதிலே தம் பெயரையும் எழுதி வைத்தார். எவ்வாறு அது முடிந்தது? அதன்பின் அவருக்கு என்ன நேர்ந்தது? இன்றைய உரையில் இவ்விரு வினாக்களையும் எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியனுக்குக் கட்டடக் கலையில் என்ன வேலை என்று நேயர்கள் எண்ணக்கூடும். நெடுநல்வாடையிலே, அரண்மனைக்கு நூல் பிடித்து மனை வகுத்தவர்களைக் குறிக்க நக்கீரர் ஆள்கின்ற சொல் 'புலவர்' என்பதாகும். பாட்டுக் கட்டுபவனுக்கும் வீடு கட்டுபவனுக்கும் ஒரே பெயர். இச்செய்யுளை வகுப்பிலே கற்பிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். ஒரே பெயர் பெற்ற இவ்விருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு யாது? அதற்கு விடை தந்தது மெல்னிக்கோவின் வரலாறுதான்.

மெல்னிக்கோவ் 1890 ஆகஸ்ட் 3 ஆம் திகதி மொஸ்கோவில் பிறந்தார். குடியானவர் வழிவந்த ஏழைக் குடும்பம். தந்தையார் நகரின் வடக்கு எல்லையில் இருந்த விவசாயக் கல்விக்கழகத்தின் வீதிகளைப் பராமரிக்கும் பணியில் இருந்தவர். மகனுக்குச் சிறு வயதிலேயே சித்திரம் வரைவதில் பெருவிருப்பு. ஆனால் வறுமை அவரைப் பதின்மூன்று வயதளவில் வேலைக்கு அனுப்பியது. வெப்பமூட்டும் சாதனங்களை அமைக்கும் நிறுவனமொன்றில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அந்நிறுவனத்தின் பங்காளியான பொறியியலாளர் விளாதிமிர் சாப்லின், சிறுவனின் கைத்திறனைக் கண்டுகொண்டார். கண்டதோடு நில்லாமல் அவன் கல்விச் செலவைத் தாமே ஏற்றார். 1905 இல் மொஸ்கோ ஓவிய, சிற்ப, கட்டடக் கலைப் பள்ளியில் மெல்னிக்கோவுக்கு இடம் கிடைத்தது. முதலில் ஓவியம் பயின்று, பின்னர் கட்டடக் கலையையும் முடித்து அவர் வெளியேறியபோது 1917 ஆம் ஆண்டு பிறந்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுக் கல்வி. படித்து முடித்த ஆண்டிலேயே அவர் படித்த உலகமும் முடிந்துபோயிற்று.

புரட்சியும் உள்நாட்டுப் போரும் நடந்த ஆண்டுகளில் கட்டுவதற்குச் செங்கல்லும் இல்லை, சீமெந்தும் இல்லை. 1921 இல் லெனின் புதிய பொருளாதாரக் கொள்கையை அறிவித்த பின்னரே நாடு மூச்சுவிட ஆரம்பித்தது. மெல்னிக்கோவுக்கு முதற் புகழைத் தந்தது, 1923 இல் மொஸ்கோவில் நடந்த விவசாயக் கண்காட்சியில் அவர் அமைத்த மகோர்க்கா மண்டபமாகும். மகோர்க்கா என்பது உருசிய ஏழைகள் புகைக்கும் மட்டமான புகையிலை வகை. அதற்கு மரத்தினாலே, ஒன்றன்மேலொன்று துருத்தி நிற்கும் பெட்டிகள் போல ஒரு மண்டபத்தை எழுப்பினார் அவர். அடுத்த ஆண்டு லெனின் மறைந்தபோது, அவரது உடலை வைப்பதற்கான கண்ணாடிப் பேழையை வடிவமைக்கும் பொறுப்பும் இவருக்கே வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலம்வரை லெனினின் உடல் அந்தப் பேழையிலேதான் இருந்தது. ஆகவே மெல்னிக்கோவ் அரசுக்குப் புறம்பான மனிதர் அல்லர் என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும். புதிய அரசு அவரை நம்பியது. அவரும் புதிய காலத்தை நம்பினார்.

1925 இல் பாரிஸ் நகரில் நவீன அலங்காரக் கலைகளின் சர்வதேசக் கண்காட்சி நடைபெற்றது. பிரான்ஸ் சோவியத் அரசை அங்கீகரித்தது 1924 ஒக்ரோபரிலேதான். அதன்பின் உலகின் முன் அந்நாடு தன் முகத்தைக் காட்டக் கிடைத்த பெரும் வாய்ப்பு இது. போட்டியில் தெரிவானது மெல்னிக்கோவின் திட்டம். மற்றைய நாடுகள் சலவைக் கல்லும் பொன்முலாமுமாகப் பகட்டியபோது, இவர் கொண்டுசென்றவை மரமும் கண்ணாடியும் மட்டுமே. நீள்சதுர மண்டபத்தை மூலைக்கு மூலை ஒரு படிக்கட்டினால் வெட்டி, இரு முக்கோணங்களாகப் பிரித்தார். தெருவில் வருபவர் ஒரு பக்கத்தால் ஏறி, இருபுறமும் கண்ணாடி வழியே உள்ளே பார்த்துக்கொண்டு, மறு பக்கத்தால் இறங்கிப் போகலாம். தலைக்கு மேலே குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்த பலகைகள் கூரையாயின. கட்டடத்துக்குள்ளே ஒரு வீதி நுழைந்து வெளியேறுவது போன்ற அமைப்பு அது. ஐரோப்பியக் கட்டடக் கலைஞர்கள் வியந்து நின்றார்கள். லெ கொர்பூசியே போன்றவரே அதனைப் பாராட்டினார். பாரிஸ் நகரத்துக்காக, சேன் நதிப் பாலங்களின் மேல் ஆயிரம் மோட்டார் வண்டிகள் தரிக்கக்கூடிய கராஜ் ஒன்றையும் அவர் வரைந்து கொடுத்தார். அது கடதாசியோடு நின்றுவிட்டது. அவர் மொஸ்கோவுக்குத் திரும்பினார்.

திரும்பி வந்தவரின் கண்ணில் பட்டவை பஸ் வண்டிகள். அக்காலத்தில் மொஸ்கோ நகரசபை இங்கிலாந்திலிருந்து லேலண்ட் பஸ்களை இறக்குமதி செய்திருந்தது. நம் நாட்டு வீதிகளிலும் நெடுங்காலம் ஓடிய அதே லேலண்ட்தான். ஒடுங்கிய கராஜுக்குள் அந்தப் பெரிய வண்டிகளை முன்னும் பின்னுமாக ஓட்டித் திருப்பச் சாரதிகள் படும் பாட்டை மெல்னிக்கோவ் கவனித்தார். பஸ்ஸைப் பின்னோக்கி ஓட்ட வேண்டிய தேவையே இல்லாமல் ஒரு கராஜ் கட்டினால் என்ன? ஒரு பக்கத்தால் நுழைந்து, சாய்வாக வரிசையில் நின்று, மறு பக்கத்தால் நேரே வெளியேற வேண்டும். வண்டிகள் அவ்வாறு சாய்ந்து நிற்பதால் கட்டடமும் சாய்ந்த இணைகரமாயிற்று. பக்மேத்தியெவ் வீதியில் நூற்றுக்கும் மேற்பட்ட பஸ்களுக்காக 1926-27 இல் அது எழுந்தது. கூரையை அமைத்தவர் புகழ்பெற்ற பொறியியலாளர் விளாதிமிர் சுகோவ். கட்டடத்தின் வடிவம் கலைஞனின் விசித்திரக் கற்பனையிலிருந்து வந்ததன்று, பஸ் சாரதியின் சிரமத்திலிருந்து வந்தது. பின்னாளில் அவரைத் தூற்றியவர்கள் மறந்துபோன விடயம் இதுதான்.

அடுத்து வந்தவை தொழிலாளர் மன்றங்கள். வேலை முடிந்து வருபவர் நாடகம் பார்க்கவும், படிக்கவும், கூடிப் பேசவும் தொழிற்சங்கங்கள் கட்டுவித்த மனைகள் அவை. 1927 ஐ அடுத்த மிகச் சில ஆண்டுகளில் மெல்னிக்கோவின் திட்டப்படி ஆறு மன்றங்கள் எழுந்தன. ஐந்து மொஸ்கோவில், ஒன்று வெளியே துல்யோவோ என்ற பீங்கான் தொழிற்சாலை ஊரில். அவற்றுள் மிகப் பிரசித்தமானது ருசாக்கோவ் மன்றம். மேசை இழுப்பறைகள் மூன்றை வெளியே இழுத்து விட்டாற்போல, மூன்று பெரும் கொங்கிரீட் பெட்டிகள் வீதியை நோக்கி அந்தரத்தில் நீண்டு நிற்கும். உள்ளே அவை மூன்று மேல்தள இருக்கை அரங்குகள். வேண்டும்போது தனித்தனியாகவும், பெருங்கூட்டத்துக்கு ஒன்றாகச் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் ஒரே மண்டபமாகவும் பயன்படத்தக்கதாக அவர் திட்டமிட்டார்.

இங்கே ஒரு முக்கியமான விடயத்தைக் குறிப்பிட வேண்டும். புகையிலைக் கூட்டுத்தாபனம், நகரசபை, வெவ்வேறு தொழிற்சங்கங்கள் என அவருக்கு வேலை தந்தவர்கள் பலர். ஒருவருக்குப் பிடிக்காவிட்டால் இன்னொருவர் கதவைத் தட்டலாம். இருபதுகளில் சோவியத் கட்டடக் கலை பெற்ற செழிப்புக்கு இந்தப் பல கதவுகளும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

அந்தச் செழிப்பின் உச்சியிலேதான் தம் வீட்டைக் கட்டும் எண்ணம் அவருக்கு வந்தது. 1927 இல் நகரசபை அவருக்கு அந்த நிலத்துண்டை ஒதுக்கியது. வட்ட வடிவில் மலிவாக வீடு கட்டும் முறையைச் சோதித்துப் பார்க்கும் பரிசோதனை வீடு என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அக்காலத்து நிலைமை அதற்கு இடம் கொடுத்தது. சில ஆண்டுகள் பிந்தியிருந்தால் கொடுத்திராது.

அந்த வீட்டின் தொழில்நுட்பம் சற்று விரித்துச் சொல்லத் தக்கது. கொங்கிரீட்டும் இரும்பும் அருமையாய் இருந்த நாட்டில், செங்கல்லும் மரமும் கொண்டே அவர் அதனைக் கட்டினார். வட்டச் சுவரிலே செங்கற்களைக் கெட்டியாக அடுக்காமல், வலை பின்னுவது போல இடைவெளி விட்டு, படிப்படியாக நீட்டியும் ஒடுக்கியும் அடுக்கினார்கள். அந்த இடைவெளிகள் தாமாகவே அறுகோண வடிவம் பெற்றன. சுவரின் பாரம் வலைக்கண்களைச் சுற்றி நாற்புறமும் பகிர்ந்துபோவதால் தூணும் தேவையில்லை, சாளரத்துக்கு மேலே உத்தரமும் தேவையில்லை. வேண்டிய கண்களில் கண்ணாடி பொருத்தினார். அவ்வாறு அமைந்த சாளரங்கள் அறுபதுக்கும் மேல். வேண்டாத கண்களை மண்ணும் கல்லுடைசலும் இட்டு நிரப்பிப் பூசிவிட்டார். பின்னொரு நாள் வெளிச்சம் வேண்டுமாயின் அடைத்ததைத் திறக்கலாம். மிகுதி என்றால் திறந்ததை அடைக்கலாம். செங்கல்லும் மிச்சம். மாடித் தளங்களுக்கும் வளைகள் இல்லை. பலகைகளைக் குத்தாக நிறுத்திக் கட்டம் கட்டமாகக் கோத்து, மேலும் கீழும் பலகை அறைந்து, தளம் முழுவதையும் ஒரே தட்டாக்கினார்.

பின்னுருளையின் உச்சியிலே அவரது வேலைக்கூடம். அங்கே நிற்பவருக்குப் பொழுதுக்குப் பொழுது ஒளி வேறு வேறு சாளரங்களால் வந்துகொண்டிருக்கும். கீழே படுக்கையறை. சுவர், கூரை, தளம் எல்லாம் பொன்னிறம். அலுமாரி இல்லை, கதிரை இல்லை, தளத்திலிருந்தே எழுப்பிய கட்டில்கள் மட்டும். மனிதன் வாழ்நாளில் மூன்றிலொரு பங்கைத் தூங்கிக் கழிக்கிறான். ஆகவே தூக்கத்துக்கும் ஒரு கட்டடக் கலை வேண்டும் என்பது அவரது எண்ணம். 1929 இல் மொஸ்கோவுக்கு வெளியே தொழிலாளர் ஓய்வு நகரொன்றை அமைக்கப் போட்டி நடந்தபோது, மெல்லிசையும் நறுமணமும் கலந்த பெருந்துயிற்சாலைகளைத் திட்டமிட்டு, அதற்குத் 'தூக்கத்தின் சங்கீதம்' எனப் பொருள்படும் பெயரும் இட்டார். சிலர் சிரித்தார்கள். ஓய்வில்லாமல் உழைக்கும் மக்களுக்கு நல்ல தூக்கம் வேண்டும் என்று ஒருவர் கருதியதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

காலம் மாறியது. 1932 ஏப்ரலில் கலை இலக்கியக் குழுக்கள் யாவும் கலைக்கப்பட்டன. கட்டடக் கலைஞர் அனைவருக்கும் ஒரே சங்கம் என்றாயிற்று. அடுத்த ஆண்டு மொஸ்கோவின் கட்டட வேலைகள் நகரசபையின் வடிவமைப்புக் கூடங்களின் கீழ் வந்தன. மெல்னிக்கோவுக்கும் ஒரு கூடத்தின் தலைமை கிடைத்தது உண்மைதான். ஆனால் பல கதவுகள் இருந்த இடத்தில் இப்போது ஒரே கதவு. அந்தக் கதவின் உள்ளே இருந்தவர்களின் சுவையும் மாறியிருந்தது. கிரேக்க, ரோமத் தூண்களும் சிலைகளும் கொண்ட பெருமாளிகைகளே மக்களுக்கு ஏற்றவை என்று ஸ்டாலின் ஆட்சி தீர்மானித்தது. 1933 இல் இத்தாலியின் மிலான் கண்காட்சிக்கு, உலகின் தலைசிறந்த கட்டடக் கலைஞர் வரிசையில் மெல்னிக்கோவ் அழைக்கப்பட்டார். போவதற்கு அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1934 இல் செஞ்சதுக்கத்தருகே கனரகக் கைத்தொழில் அமைச்சுக்காக நடந்த போட்டிக்கு அவர் வரைந்தது நிலத்தைப் பதினாறு மாடி ஆழத்துக்கு அகழ்ந்து, வெளியே வானளாவ எழும் ஒரு கட்டடத்தை. அது அவரது எதிரிகளுக்கு ஆயுதமாயிற்று. 'உருவவாதி' என்ற பட்டம் சூட்டப்பட்டது. உள்ளடக்கத்தை விட்டு உருவத்தோடு விளையாடுபவன் என்பது அதன் பொருள். பஸ் சாரதிக்காகக் கட்டடத்தையே சாய்த்துக் கட்டியவருக்கு அந்தப் பட்டம்! 1937 இல் சோவியத் கட்டடக் கலைஞரின் முதலாவது மாநாட்டில் அவர் வன்மையாகக் கண்டிக்கப்பட்டார். அத்தோடு வேலை நின்றது. கூடமும் போயிற்று. அப்போது அவருக்கு ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை.

நான் முன்னர் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். பாட்டுக் கட்டும் புலவனுக்கும் மனை வகுக்கும் புலவனுக்கும் என்ன வேறுபாடு? அதே மொஸ்கோவில், அதே ஆண்டுகளில், மிகயில் புல்ககோவ் என்ற எழுத்தாளர் அச்சேற வழியில்லாத நாவலொன்றை வீட்டிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் 1940 இல் மறைந்தார். 'மாஸ்டரும் மார்கரீத்தாவும்' என்ற அந்த நாவல் 1966-67 இலே சஞ்சிகையொன்றில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. எழுத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கலாம். காலம் வரும்போது திறக்கலாம். கட்டடத்தைப் பூட்டி வைக்க முடியுமா? அதற்கு நிலம் வேண்டும், கல் வேண்டும், மேசன்மாரும் தச்சரும் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக 'கட்டு' என்று சொல்ல ஒருவர் வேண்டும். வேலை மறுக்கப்பட்ட கட்டடக் கலைஞனுடைய கைகள் விலங்கில்லாமலே கட்டப்பட்டுவிடுகின்றன.

மெல்னிக்கோவைச் சிறையில் அடைக்கவில்லை, நாடு கடத்தவில்லை. அந்தப் பயங்கர ஆண்டுகளில் உயிரையே இழந்தவர்கள் பலர் என்பதை நினைக்கும்போது, அவரைத் தியாகியாக்க நான் விரும்பவில்லை. அவர் தம் வீட்டிலே இருந்தார். ஆட்களின் உருவங்களை எண்ணெய் வர்ணத்தில் தீட்டினார். போருக்குப் பின்னர் பொறியியல் கல்வி நிறுவனங்களில் கற்பித்தார். 1941 ஜூலையில் அயலிலிருந்த நாடக அரங்கின் மேல் ஜெர்மானியக் குண்டு விழுந்தபோது, அதிர்ச்சியில் வீட்டுக் கண்ணாடிகள் நொறுங்கின. செங்கல் வலை அசையவில்லை. ஸ்டாலின் மறைந்த பின்னரும் அவர் போட்டிகளுக்கு வரைந்து அனுப்பிக்கொண்டிருந்தார். நியூயோர்க் நகரின் 1964 ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்கான சோவியத் மண்டபத்துக்கும் வரைந்தார். பாரிஸில் வென்ற அதே கை. ஒன்றும் கட்டப்படவில்லை. எழுபது வயது கடந்த ஒருவர் மேசையில் குனிந்து, கட்டப்படாது என்று ஏறக்குறைய அறிந்தும், ஒரு படிக்கட்டை அளந்து கோடிடுகின்ற காட்சியை நேயர்கள் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். சிறையைவிட அது சிறிய தண்டனை என்று சொல்லிவிடலாம். அதனைத் தண்டனையே அன்று என்று எவராலும் சொல்ல முடியாது.

மறதிக்கும் ஓர் எல்லை உண்டல்லவா? 1965 இல் அவரது எழுபத்தைந்தாவது பிறந்த ஆண்டை மொஸ்கோக் கட்டடக் கலைஞர்கள் கொண்டாடினார்கள். 1967 இல் ஆய்வேடு எழுதாமலே கலாநிதிப் பட்டம் வழங்கப்பட்டது. 1972 இல் உருசியக் குடியரசின் மதிப்புறு கட்டடக் கலைஞர் என்ற விருதும் வந்தது. பட்டங்கள் வந்தன, வேலை வரவில்லை. 1974 நவம்பர் 28 ஆம் திகதி எண்பத்துநான்காம் வயதில் அவர் காலமானார். கட்டடக் கலைஞராக முழுமையாக இயங்கியது ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள். இயங்க விடப்படாமல் இருந்தது முப்பத்தேழு ஆண்டுகள்.

வீட்டை அவரது மகன், ஓவியர் விக்தோர் மெல்னிக்கோவ் காத்து நின்றார். 1987 இல் அது பாதுகாக்கப்பட்ட கலைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. விக்தோரும் 2006 இல் மறைந்தார். அயலில் நடந்த புதிய கட்டட வேலைகளால் வீட்டுக்கு ஆபத்து என்ற கவலைக் குரல்கள் எழுந்தன. தந்தை மகன் இருவர் பெயராலும் அரசு அருங்காட்சியகம் அமைந்து, 2014 இல் வீட்டின் கதவு பொதுமக்களுக்குத் திறந்தது. பக்மேத்தியெவ் கராஜில் இப்போது பஸ்கள் இல்லை. 2012 முதல் அது யூத மக்களின் வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகம். நாற்புறமும் திறந்த அந்தப் பெருங்கூடம் காட்சிக்கூடமாகவும் நன்றாகவே பொருந்தியிருக்கின்றது.

அவருக்கு நிலம் கொடுத்ததும் அந்த அரசுதான், வேலையைப் பறித்ததும் அதே அரசுதான். ஏழைக் குடியானவர் வழிவந்த ஒரு மகனைப் பாரிஸ்வரை உயர்த்திய புரட்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒரு நாடு தன் கலைஞனைக் கொல்லாமலே இழக்கலாம் என்பதற்கு மெல்னிக்கோவின் வாழ்வைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. பல கதவுகளை ஒன்றாக்கி, அந்த ஒரு கதவையும் சாத்திவிட்டால் போதும். வரைந்தும் கட்டப்படாதவை எத்தனையோ. அவற்றால் நட்டப்பட்டவர் மெல்னிக்கோவ் மட்டுமல்லர். அந்த மன்றங்களில் கூடியிருக்க வேண்டிய, அந்தத் துயிற்சாலைகளில் தூங்கியிருக்க வேண்டிய சாதாரண மக்களும்தான்.

புலவன் பாட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பான். மெல்னிக்கோவ், வாய்ப்பு இருந்த அந்த இரண்டு ஆண்டுகளில், தம் பாட்டைச் செங்கல்லால் கட்டி, தெரு பார்க்க நிறுத்தி, அதற்குள்ளேயே குடிபுகுந்துகொண்டார். 1991 இல் அந்த அரசு மறைந்துபோயிற்று. சுவரிலே எழுதிய பெயர் அப்படியே இருக்கின்றது.